பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மாலை: நான்கு படங்களில் எதைப் போடுவது?

எங்கள் ஊர் சத்தியமங்கலம் காட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. வாழையும் கரும்பும் மல்லியும் விளையும் பூமி. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் போனால் யானை ரோட்டுக்கு வந்துவிடும். தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்பவர்கள் எட்டரை மணிக்குள் வீடு சேர்ந்தாக வேண்டும். படம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதும்போது இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தேர்வில் பாதியை அந்த எட்டரை மணிதான் முடிவு செய்தது.

ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம் சார்பில், ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளிக்கூட மைதானத்தில் ஓர் ஆவணப்படம் போடுவது என்று பேசினோம். காடும் ஊரும் மனிதரும் சேர்ந்து வாழ்வதைக் காட்டுகிற படமாக இருக்க வேண்டும். போடுவது ஒரே ஒரு படம். முதல் படத்தில் பாதியில் எழுந்து போனவர்களை அடுத்த முறை பாயில் உட்கார வைப்பது சுலபமில்லை என்பதால் அந்த ஒன்றைச் சரியாகப் பொறுக்கவேண்டி இருந்தது.

ஐந்து பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் கூடி, படங்களைப் போட்டுப் பார்த்தோம். நான், தலைமை ஆசிரியர், மூன்று ஏக்கர் வாழை வைத்திருக்கும் ஒரு பெரியவர், பதி என்று சொல்லும் மலையோரப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து மகளிர் குழுவுக்கு வரும் இருளர் அக்கா ஒருவர், ப்ரொஜெக்டரை ஓட்டத் தெரிந்த கல்லூரி மாணவன். பெரியவரையும் அக்காவையும் அழைத்ததுதான் நாங்கள் செய்த காரியங்களில் ஆகச் சரியானது. அவர்கள் இல்லாமல் நாங்கள் மூவர் மட்டும் உட்கார்ந்திருந்தால், அரை மணி நேரத்தில் ஆஸ்கர் வாங்கிய படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

முதலில் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். கார்த்திகி கோன்சால்வஸ் இயக்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது; 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. ஓடும் நேரம் நாற்பது நிமிடத்தை ஒட்டி. முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் இணையர், தாயை இழந்த ரகு என்ற குட்டியை வளர்க்கிறார்கள். பிறகு இன்னொரு குட்டி வருகிறது. குட்டிகளை வளர்க்கும் அந்த நாட்களில் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாகி மணம் முடிக்கிறார்கள்.

இந்தப் படத்தின் பெரிய பலம் அதன் மொழி. பொம்மனும் பெள்ளியும் தங்கள் தமிழில் தாங்களே பேசுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் நின்று விளக்கம் சொல்லும் வேறு குரல் கிடையாது. நம் காடுகளைப் பற்றிய படங்களில் காட்டுவாசிகள் பெரும்பாலும் கூடை சுமந்து குறுக்கே நடப்பார்கள், அவர்களைப் பற்றி வேறு யாரோ பேசுவார்கள். இங்கே குட்டியை எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த நேரத்தில் எதை ஊட்டுவது, அது எதற்கு முரண்டு பிடிக்கும் என்பதையெல்லாம் செய்கிறவர்களே சொல்கிறார்கள். முந்தைய கணவரைப் புலியிடம் பறிகொடுத்த பெள்ளி, காட்டைப் பார்த்தாலே தனக்கு வந்த பயத்தைச் சொல்லும் இடத்தில் பதியிலிருந்து வந்த அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். படம் முடிந்ததும் அவர் சொன்னது ஒரு வரிதான்: “நம்ம பேச்சு மாதிரியே இருக்குதுங்க.”

அப்போதே முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். வாழைத் தோட்டத்துப் பெரியவர் மட்டும் எதுவும் பேசவில்லை. வெற்றிலையை மடித்தபடி இருந்தவர் பிறகு கேட்டார்.

“அந்தக் குட்டியோட ஆத்தா எப்படிச் செத்துச்சுன்னு சொன்னாங்க?”

“கரண்ட் அடிச்சுங்க” என்றான் மாணவன்.

“அதானுங்க. கம்பி கட்டுனவன் எவனோ என்ன மாதிரி ஒரு குடியானவன்தான். அவன் மேல படத்துல ஒரு வார்த்தைகூடக் கோவமா இல்ல, அது எனக்குத் தெரியுது. ஆனா மைதானத்துல நானூறு பேர் உக்காந்திருக்கறப்ப அந்த எடம் வந்தா, எல்லாரும் எங்க பக்கந்தானுங்க திரும்பிப் பாப்பாங்க. நாங்க எங்கீங்க பாக்கறது?”

அவர் கம்பியில் மின்சாரம் விடுகிறவர் இல்லை. உயிரைப் பறிக்காத சோலார் வேலிதான் போட்டிருக்கிறார். போன வருடம் குலை தள்ளிய வாழையில் ஒரு பாத்தி முழுவதையும் ஒரே ராத்திரியில் இழந்தவர். அகழி தூர்ந்து கிடக்கிறது என்று மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர். படம் பொய் சொல்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது திரைக்கு முன்னால் உட்காரும் கூட்டத்தைப் பற்றி. வறட்சியில் மந்தைகள் உணவும் தண்ணீரும் தேடி ஊருக்குள் வருவதால்தான் இப்படிக் குட்டிகள் தனித்துப் போகின்றன என்று படம் சொல்கிறது. ஆனால் அந்த ஊர் படத்தில் இல்லை. படத்தில் இருப்பது முகாம். முகாமில் யானை பிள்ளை. எங்கள் ஊரில் யானை ராத்திரியில் வாசலுக்கு வரும் பயம். இரண்டும் உண்மை. இரண்டாவதை மட்டும் அறிந்தவர்கள் நிறைந்த மைதானத்தில், முதலாவதை மட்டும் நாற்பது நிமிடம் காட்டிவிட்டுக் கலைந்து போகச் சொல்வது சரியா என்பதே எங்கள் கேள்வி.

தலைமை ஆசிரியர் இதை ஒப்பவில்லை. “கஷ்டப்படறவங்களுக்குத்தான் இந்தப் படம் வேணும். யானை மேல ஒரு பாசம் வரட்டுமே” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. யானையை வெறும் நஷ்டமாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகளும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ரகு அடிக்கும் கூத்தைப் பார்த்தால் அவர்களுக்குள் ஏதோ இளகும். ஆனால் இளகுவதற்குப் பேச்சு வேண்டும், பேசுவதற்கு இடம் வேண்டும். நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்த அறையில் பெரியவர் பேசுவார். நானூறு பேர் இருட்டில் உட்கார்ந்த மைதானத்தில் அவர் பேசமாட்டார். எழுந்து போய்விடுவார்.

இரண்டாவது படம் ‘வைல்ட் கர்நாடகா’. அமோகவர்ஷாவும் கல்யாண் வர்மாவும் இயக்கியது. இயற்கைப் படங்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ்காரர் டேவிட் அட்டன்பரோ குரலில் 2020 ஜனவரியில் தியேட்டர்களில் வந்தது. அதே ஆண்டு சுற்றுச்சூழல் தினத்தன்று டிஸ்கவரியில் தமிழிலும் ஒளிபரப்பானது. தமிழ்க் குரல் பிரகாஷ் ராஜ். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். தேசிய விருதும் பெற்ற படம். விளக்கவுரைக்காக அட்டன்பரோவுக்கும் தனியாக விருது கிடைத்தது.

பேர் கர்நாடகம் என்றாலும் எங்களுக்கு இது அந்நியமில்லை. பந்திப்பூரும் பிலிகிரிரங்கன் மலையும் எங்கள் காட்டின் மறுபக்கந்தான். 4கே கேமராவில் பிடித்த புலி, நீர்நாய், இருவாச்சி, ராஜநாகம் என்று ஒவ்வொன்றும் திரையை நிறைக்கும். குழந்தைகளுக்கென்றே ஒரு படம் வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதற்கிணையாகக் கண்ணைக் கட்டிப்போடும் படம் இந்த நான்கில் வேறில்லை. மாணவன் ஆரம்பம் முதல் இதன் பக்கமே நின்றான். வெளிச்சமும் சத்தமும் மைதானத்துக்குப் பொருந்தும் என்பது அவன் வாதம். தூரத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்தவருக்கும் படம் புரியும் என்பது உண்மை.

அக்காதான் தயங்கினார். “அழகா இருக்குதுங்க. ஆனா எங்காளுக ஒருத்தரும் காட்டுக்குள்ள இல்லியே” என்றார். அதற்குப் பிறகு நானும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். இந்த வகைப் படங்களில் காடு எப்போதும் விடியற்காலையில் இருக்கிறது. கடுக்காய் பொறுக்கும் பெண் இல்லை, தேன் எடுப்பவர் இல்லை, மாடு மேய்ப்பவர் இல்லை, வனக்காவலர் இல்லை. அப்படி எடுப்பது தவறென்று சொல்லமாட்டேன். காட்டுயிர்ப் படம் காட்டுயிரைக் காட்டத்தான் செய்யும். ஆனால் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து யார் எதற்காக உள்ளே போகலாம் என்பதே தினப்படி விவாதமாக இருக்கிற எங்கள் பக்கத்தில், மனிதர் இல்லாத காட்டைப் பெரிய திரையில் காட்டினால் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும். நாங்கள் நினைக்காத அர்த்தம். அக்காவின் பதியிலிருந்து இருபது பேர் வருவார்கள் என்றால், அந்த இருபது பேரும் திரையில் தங்களைத் தேடிக் காணாமல் திரும்பக்கூடாது என்று எனக்குப் பட்டது.

மூன்றாவது, நான்கில் நான் தனிப்பட்ட முறையில் மிகவும் நேசிக்கும் படம்: ஃபரிதா பாச்சாவின் ‘மை நேம் இஸ் சால்ட்’, 2013. குஜராத்தின் சிறிய ரண் என்ற உப்புப் பாலைவெளியில் உப்பு விளைவிக்கும் ஒரு குடும்பத்தோடு ஒரு பருவம் முழுவதும் இருக்கிறது கேமரா. மழை வடிந்ததும் வெறும் சேற்று வெளிக்குக் குடும்பம் வந்து சேர்கிறது. போன பருவம் மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போன பம்பைத் தோண்டி எடுக்கிறார்கள். உப்புத்தண்ணீரை இறைத்துப் பாத்தி கட்டுகிறார்கள். தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். எட்டு மாதம். பிறகு வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய கல்லுப்பு. வாங்க வருகிறவர் தரம் பார்க்கிறார், விலை பேசுகிறார். அடுத்த மழையில் பாத்திகள் அத்தனையும் கரைந்து பழையபடி சேறு. விளக்கவுரை என்று ஒன்று இல்லவே இல்லை. அவர்கள் தங்களுக்குள் பேசும் கொஞ்சப் பேச்சு மட்டும், அதுவும் குஜராத்தியில்.

இது 92 நிமிடம் ஓடும். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரையைத் தாண்டிவிடும். அந்தக் கணக்கு ஒன்றே எங்கள் ஊருக்கு இதை விலக்கிவிட்டது. நேரம் இருந்திருந்தாலும் மைதானத்துக்கு இது ஆகாது. மௌனத்தால் கட்டிய படம் கடலை விற்பவரின் சத்தத்திலும் பைக் சத்தத்திலும் கரைந்து போகும். ஆனால் வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து இதைப் பாருங்கள். குஜராத்தி புரியாதது ஒரு தடையே ஆகாது. வெயிலில் உப்புத் தரையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்ணையும், உப்புத்தண்ணீரில் வெடித்த காலையும் அவர்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியை மிதிக்கும் அந்தக் காலின் தாளத்தைப் பார்த்ததும் “இது நாங்க செய்யறது” என்று அவர்களே சொல்வார்கள், அல்லது “நாங்க இப்படிச் செய்யமாட்டோம்” என்று சொல்வார்கள். இரண்டில் எது நடந்தாலும் அதன் பிறகு ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.

நான்காவது, யாரும் அதிகம் எதிர்பார்க்காமல் பட்டியலில் சேர்த்தது. சென்னையைச் சேர்ந்த காட்டுயிர்ப் பட இயக்குநர் சேகர் தத்தாத்ரி, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கருடன் சேர்ந்து 1987இல் எடுத்த ‘எ கோஆபரேட்டிவ் ஃபார் ஸ்னேக் கேட்சர்ஸ்’. தேசிய விருது பெற்ற பழைய படம். சதுரத் திரை, மங்கிய நிறம், ஆங்கில விளக்கவுரை. நான்கையும் அழகை வைத்து வரிசைப்படுத்தினால் இது கடைசியில்தான் நிற்கும்.

படத்தின் விஷயம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் எழுபதுகளில் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பை நிறுத்தின. வேறொரு தொழிலுக்கு அவர்களைத் துரத்தாமல், கையில் இருந்த அறிவையே வேறு வழியில் பயன்படுத்தியது 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கொல்வதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரங்கள் மண்பானையில் வைத்து, இடைவெளி விட்டு நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை மறுபடி உடனே பிடிப்பதில்லை. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இன்றும் சங்கம் இயங்குகிறது. நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்தே போகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாம்பு வளையிலிருந்து வெளியே வந்ததும் ஐந்து பேரும் முன்னால் சாய்ந்தோம். மண்ணைக் கிளறி, வளை வாயில் கிடக்கும் தடத்தைப் பார்த்து, உள்ளே இருப்பது எது என்று தெரிந்துகொண்டு கையை விடுகிற அந்த வேலையைப் பார்க்க விருதும் வேண்டாம், 4கேயும் வேண்டாம். அக்கா இரண்டு முறை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். இந்த இருளர்கள் சமவெளிக்காரர்கள். பேச்சும் பழக்கமும் மலையில் இருக்கும் தங்களிலிருந்து வேறு என்று எங்களுக்கு விளக்கினார். பேர் ஒன்று என்பதால் எல்லாரும் ஒன்று என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அதை மைதானத்தில் தானே சொல்வதாகவும் சொன்னார். பெரியவர் தன் பங்குக்கு, வாழைச் சருகுக்குள் கண்ணாடி விரியனை மிதித்த தன் தம்பி மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்புறம் மாணவனின் பாட்டி கதை. அப்புறம் என்னுடையது. படத்தை விடப் பேச்சு நீண்டது.

இங்கேதான் எனக்குத் தெளிந்தது. யானை விஷயத்தில் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: இழந்தவர், இழக்காதவர். பாம்பு விஷயத்தில் எல்லாரும் ஒரே பாயில். தோட்டத்துக்காரர், பதியில் இருப்பவர், கரும்பு வெட்ட வருபவர், இருட்டில் ஒதுக்குப்புறமாகப் போகும் பெண்கள், தரையில் படுத்துத் தூங்கும் குழந்தைகள், எல்லாருக்கும் அது வாசலில் இருக்கிற விஷயம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். நாங்கள் ஆனியில் போடுகிறோம். அடுத்தது ஆடிப் பட்டம், எல்லாரும் தோட்டத்திலும் வரப்பிலும்தான் இருப்பார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இதைப் பற்றி ஊரில் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதல் குறை குரல். ‘எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தில் பொம்மனும் பெள்ளியும் பேசுவதைப்போல இதில் இருளர்கள் பேசுவதில்லை. அவர்கள் வேலை செய்ய, இன்னொருவர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். அந்தக் காலத்துப் படங்களின் வழக்கம் அது. படமாக்கும் நேர்மையில் 2022ஆம் ஆண்டுப் படம் 1987ஆம் ஆண்டுப் படத்தைத் தாண்டி வந்துவிட்டது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

இந்தக் குறையைச் சரிசெய்ய ஒரு வழி கிடைத்தது, அதுவும் எங்கள் பக்கத்து மரபிலிருந்தே. 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். அந்தப் பேசாப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, ஓடும் படத்துக்குக் கதை சொல்லிக்கொண்டே போவார். அதையே செய்யலாம் என்றார் தலைமை ஆசிரியர். விளக்கவுரை வரும் இடங்களில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர் மைக்கில் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வார். வளை, தடம், செதில் வருகிற இடங்களில் மைக்கை அக்காவிடம் கொடுப்பார். இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். அக்கா சொல்லும்போது படம் வேறு படமாகிவிடுகிறது.

இரண்டாவது குறை பெரியது. பாம்பு பிடிப்பதைப் பார்த்த பையன்கள் மறுநாள் குச்சியோடு கிளம்பினால்? இதைக் கேட்டவரும் தலைமை ஆசிரியர்தான். கேள்வி நியாயமானது; இதற்குப் பதில் இல்லாமல் படத்தைப் போட்டிருக்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் போய்ப் பேசினோம். படம் முடிந்ததும் கால் மணி நேரம் அவர் பேசுவார். கடித்த இடத்தை அறுக்கக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிறு போட்டு இறுக்கக்கூடாது. காலையோ கையையோ அசைக்காமல் வைத்து உடனே மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டு விரியன் கடித்தால் வலியே தெரியாமலும் இருக்கலாம். ராத்திரி தரையில் தூங்கிய பிள்ளை காலையில் வயிற்று வலி என்றோ, கண் இமையைத் தூக்க முடியாமலோ எழுந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது. பாம்பைக் கண்டால் விலகி நிற்பது, பிடிக்கப் போகாமல் இருப்பது, இரண்டையும் படத்துக்கு முன்னும் ஒரு முறை, பின்னும் ஒரு முறை சொல்லப்போகிறார். பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள், அரசு அனுமதியோடு பிடிக்கிறவர்கள் என்பதையும்.

உரிமை பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் பல ஊர்களில் இதை யோசிப்பதே இல்லை. பள்ளிக்கூடத்துக்குள், ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் மட்டும் பார்க்கும்படி கல்விப் பணியின் பகுதியாகப் படம் போட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஊர் முழுவதையும் கூப்பிட்டு மைதானத்தில் போட்டால் அந்தச் சலுகை பொருந்தாது. அது பொதுத் திரையிடல், உரிமையாளர் அனுமதி வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்களில் சிலவற்றைக் கல்வி நோக்கத்துக்காகக் கட்டணம் வாங்காமல் திரையிட அனுமதிக்கிறது; எந்தப் படங்கள் என்பது அவர்கள் தளத்தில் அந்தந்தப் படத்தின் பக்கத்தில் அறிவிப்பாக இருக்கும், பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். தனி இயக்குநர்களின் படமென்றால் அவர்களுக்கே கடிதம் எழுதிக் கேட்பதுதான் முறை. சேகர் தத்தாத்ரி தன் படங்கள் பலவற்றை யூட்யூபில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறார் என்றாலும், அதை மைதானத்தில் போடும்போது ஒரு வார்த்தை கேட்பது மரியாதை, சட்டப்படியும் பாதுகாப்பு.

வேறு ஊர்க்காரர்கள் வேறு படத்தைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்க வேண்டும். கடற்கரையில் இருப்பவர்கள் மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ படத்தைப் பார்க்கட்டும். குஜராத் கடலில் திமிங்கலச் சுறாக்கள் கொல்லப்படுவதைக் காட்டிய படம் அது; 2000இல் வந்தது. அடுத்த ஆண்டே அந்த மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஒரு குறும்படம் வேலை செய்யும் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி நம் நாட்டில் குறைவு. சுரங்கமோ அணையோ வரப்போகும் ஊர் என்றால், கர்நாடகத்தில் குதிரைமுகத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்தைப் பற்றி 2001இல் வந்த ‘மைண்ட்லெஸ் மைனிங்’ இருக்கிறது. அதுவும் தத்தாத்ரியின் படந்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2005 முடிவில் அங்கே சுரங்கம் நின்றது. இந்த இரண்டும் எங்கள் பட்டியலில் நீண்ட நேரம் இருக்கவில்லை. எங்கள் ஊருக்கு இப்போது அந்தக் கேள்விகள் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, மைதானத்துக்குப் பாம்புப் படம். ஆறே முக்காலுக்குச் செவிலியர் இரண்டு நிமிடம் பேச, பிறகு படம், பிறகு அக்கா, பிறகு மறுபடி செவிலியர். எட்டு மணிக்குள் பாயைச் சுருட்டிவிடலாம். தோட்டத்துச் சாளைக்காரர்கள் முதலில் கிளம்ப, பதிக்குப் போகிறவர்களை டெம்போவில் கொண்டுபோய் விட மாணவன் ஏற்பாடு செய்திருக்கிறான்.

யானைப் படத்தை நாங்கள் கைவிடவில்லை. ஆவணியில், பள்ளிக்கூட அறைக்குள், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் மட்டும் போடுவது என்று வைத்திருக்கிறோம். நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், பள்ளியின் அனுமதிக் கடிதமும் தலைமை ஆசிரியர் பொறுப்பு. பெரியவரிடம் வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“வர்றனுங்க. முன்னாடி பெஞ்சிலயே உக்காந்துக்கறன். ஆனா படம் முடிஞ்சதும் மொதல்ல பேசறது நானா இருக்கோணும். என்னோட வாழை போன ராத்திரிய அந்தப் புள்ளைக கேக்கோணும். அப்பறம் அந்தக் குட்டியப் பத்தி என்ன வேணும்னாலும் பேசுங்க, நானும் பேசறன்.”